வீட்டில் ஒரு வெண்கல வீரன்

ஓடுகின்றவன் ஓடி முடித்ததும் ஓட்டம் மறைந்துவிடுகின்றது. கவிஞனுக்கு அவன் எழுதிய ஏடு எஞ்சுகின்றது. சிற்பிக்குச் சிலை எஞ்சுகின்றது. கட்டடக் கலைஞனுக்குக் கோபுரமோ மாளிகையோ எஞ்சுகின்றது. பல ஆண்டுகள் உடலை வருத்திப் பயின்று, ஒரு நாள் மாலையில் ஒரு சில விநாடிகளுள் தன் ஆற்றல் முழுவதையும் செலவிட்டு ஓடியவனுக்கு எஞ்சுவதோ ஓர் எண் மாத்திரமே. அந்த எண்ணையும் அடுத்து வரும் இளைஞன் ஒருவன் அழித்துவிடுகின்றான். இவ்வாறு கணத்தில் தோன்றிக் கணத்தில் மறையும் முயற்சியை மறையாமல் நிறுத்திவைக்க மனிதன் கண்ட பழைய வழிகளுள் ஒன்று வெண்கலத்தில் வார்த்து வைத்தலாகும்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன் வாழ்ந்த வசதியுள்ள குடும்பங்களின் இல்லங்களில், நூலலுமாரியின் மேலோ எழுதும் மேசையின் ஓரத்திலோ ஒரு சிறிய வெண்கல உருவம் நிற்பது வழக்கமாயிருந்தது. வட்டெறிபவன், குத்துச்சண்டை வீரன், குதிரையைச் செலுத்தும் பந்தயக்காரன், கோல்வ் மட்டையை ஓங்கியவன், தடை தாண்டுபவன் என அவ்வுருவங்கள் பலவாயின. இன்று அவை பழம்பொருள் விற்கும் கடைகளிலும் ஏலக் கூடங்களிலும் கைமாறுகின்றன. விளையாட்டில் பற்றும் கலையில் நாட்டமும் ஒருங்கே உடையோர் அவற்றைத் தேடித் தொகுத்து வீட்டை அலங்கரிக்கின்றனர். இவ்விருப்பம் நல்லதே. ஆயினும் அறியாமையால் இதில் இருவகைக் கேடு விளைதல் உண்டு. போலியை மெய்யென நம்பிப் பொருளை இழத்தல் ஒன்று. மெய்யான பொருளை வீட்டிற் கொண்டு வந்தபின், அன்பின் மிகுதியாலேயே அதனைப் பாழாக்கிவிடுதல் மற்றொன்று. பணத்தை மீண்டும் ஈட்டலாம். பாழாக்கிய சிலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் இயலாது. ஆதலின் இரண்டாவது கேடே பெரிது.

விளையாட்டு வீரனை வெண்கலத்தில் நிறுத்தும் வழக்கத்தைச் சிறப்பாக வளர்த்தவர் கிரேக்கர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த மைரன் என்னும் சிற்பி, வட்டெறியும் இளைஞன் ஒருவனை வார்த்தான். கை பின்னோக்கி உயர்ந்து, உடல் வில்லென வளைந்து, அடுத்த கணத்தில் வட்டு பறக்கப்போகும் நிலை அது. அசையாத உலோகத்தில் அசைவின் உச்சத்தைக் காட்டிய அச்சிலை பண்டைக் காலத்திலேயே பெரும் புகழ் பெற்றது. ஆனால் மைரன் வார்த்த வெண்கலம் இன்று உலகில் இல்லை. உரோமர் செய்துகொண்ட சலவைக்கற் பிரதிகளே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று 1781ஆம் ஆண்டில் உரோம் நகரிற் கண்டெடுக்கப்பட்டது. அதனை 1938இல் ஹிட்லர் விலைகொடுத்து வாங்கி ஜேர்மனிக்குக் கொண்டுசென்றதும், போருக்குப் பின் 1948இல் அது இத்தாலிக்குத் திரும்பியதும் வரலாறு.

மற்றொரு பிரதி இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் நிற்கின்றது. அதனைச் செப்பனிட்டோர் தலையைத் தவறாகப் பொருத்திவிட்டனர். முன்னைய பிரதியில் வீரன் தலையைத் திருப்பித் தன் வட்டை நோக்குகின்றான். இலண்டன் பிரதியிலோ நிலத்தை நோக்கிக் குனிகின்றான். பிற்காலத்தில் வீட்டு அலங்காரத்துக்கென வார்க்கப்பட்ட சிறிய வட்டெறி வீரர்களைக் காண்போர் முதலில் தலையைப் பார்த்தல் வேண்டும். எந்தப் பிரதியைப் பார்த்து அவ்வுருவம் செய்யப்பட்டதென்பதைத் தலையின் திருப்பம் சொல்லிவிடும்.

கிரேக்க வெண்கலங்களுள் அழியாது தப்பியவை மிகச் சில. அவற்றுள் உள்ளத்தை உருக்கும் ஒன்று, 1885ஆம் ஆண்டில் உரோம் நகரின் குவிரினால் குன்றுச் சரிவில் மண்ணைத் தோண்டியபோது வெளிப்பட்ட குத்துச்சண்டை வீரனின் சிலை. அவன் வெற்றி முழக்கம் செய்யவில்லை. போர் முடிந்து, தோல் வார் சுற்றிய கைகளை முழங்காலின் மேல் வைத்து, களைத்து அமர்ந்திருக்கின்றான். மூக்கு உடைந்து, காது வீங்கி, முகமெங்கும் காயம். காயங்களையும் வழியும் குருதியையும் காட்டுதற்குச் சிற்பி செம்பைத் தனியே பதித்திருக்கின்றான். வெண்கலத்தின் பழுப்பு மேனியில் செம்பின் சிவப்பு இரத்தமாகவே தோன்றியிருக்கும். அச்சிலையின் கால் விரல்கள் தேய்ந்திருக்கின்றன. பண்டைக் காலத்து மக்கள் அவற்றைத் தொட்டுத் தொட்டுச் சென்றமையே அதற்குக் காரணமென அறிஞர் கருதுவர். தோற்றவனா வென்றவனா என்பதை அறியாமலே, களைத்த ஒரு மனிதனின் காலை ஊர் தொட்டிருக்கின்றது.

கற்சிலைகள் எஞ்ச, வெண்கலச் சிலைகள் ஏன் மறைந்தன என்ற வினா இவ்விடத்து எழும். வெண்கலத்தின் சிறப்பே அதற்குப் பகையாயிற்று. உடைந்த கல்லை மீண்டும் உருக்கி வேறொன்று செய்ய இயலாது. வெண்கலத்தையோ உருக்கி நாணயமாக்கலாம், மணியாக்கலாம், பீரங்கியாக்கலாம். பண்டைக் காலத்தில் மாத்திரம் நிகழ்ந்ததன்று இது. ஜேர்மனியர் பிரான்சைக் கைப்பற்றியிருந்த காலத்தில், 1941ஆம் ஆண்டின் பின்னர் பாரிஸ் நகர வீதிகளிலும் பூங்காக்களிலும் நின்ற வெண்கலச் சிலைகள் பல பீடத்தினின்றும் இறக்கப்பட்டு உலைக்கு அனுப்பப்பட்டன. நகரம் காக்கத் தவறிய உருவங்களின் சிறிய வார்ப்புகளை வீடுகள் காத்ததுண்டு. ஒரு வீட்டின் அலுமாரியில் நிற்கும் சிறு சிலை வெறும் அலங்காரப் பொருளாக இருந்துவிடாமல், ஒரு கலைஞனின் கைத்திறனுக்குப் புகலிடமாகவும் ஆகலாம்.

பெரிய சிலைகள் சிறிதாகி வீட்டுக்குள் நுழைந்ததற்கு ஓர் இயந்திரமே வாயில் திறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த அஷீல் கொலா என்பவர் சிலைகளைச் சரியான விகிதத்தில் சுருக்கிப் பிரதி செய்யும் பொறியொன்றை ஆக்கினார். ஒரு முனையிலுள்ள ஊசி மூலச் சிலையின் மேனியைத் தடவிச் செல்ல, மறு முனையிலுள்ள வெட்டுளி அதே வளைவுகளைச் சிறிய அளவிற் செதுக்கும். இவரும் பெர்டினண்ட் பாபெடியென் என்னும் வணிகரும் 1838ஆம் ஆண்டில் கூட்டுச் சேர்ந்து பாரிஸ் நகரில் தொழில் தொடங்கினர். கிரேக்க உரோமச் சிலைகள் கையளவினவாகவும் முழங்கையளவினவாகவும் வெளிவந்தன. முன்னர் அரசரும் பிரபுக்களும் வைத்திருந்ததை இப்போது வழக்கறிஞரும் வைத்தியரும் வணிகரும் வாங்கலாயினர். பாபெடியென் வார்ப்பகத்தின் பெயரும், கொலாவின் பொறியாற் சுருக்கப்பட்டதென்னும் வட்ட முத்திரையும் பொறித்த சிலைகளை இன்றும் தொகுப்போர் நாடுகின்றனர்.

அக்காலத்துப் பிரான்சிலே விலங்குகளைச் சிறு வெண்கலமாக வடிப்போர் கூட்டம் ஒன்றும் தோன்றியது. 1810 முதல் 1879 வரை வாழ்ந்த பியெர் ஜூல் மென் என்பவர் பந்தயக் குதிரைகளையும் அவற்றின் மேலமர்ந்த செலுத்துவோரையும் நுணுக்கமாக வடித்தார். கடிவாளம், சேணம், குதிரையின் விலாவிற் புடைத்த நரம்பு ஆகிய யாவும் அவற்றில் விரலுக்குத் தட்டுப்படும். குதிரைப் பந்தயச் சிலைகளுக்குக் காலம் கணிக்க ஒரு சுவையான குறிப்பும் உண்டு. பாய்ந்தோடும் குதிரை முன்கால்களை முன்னும் பின்கால்களை பின்னும் நீட்டி, நான்கு காலும் நிலந்தொடாது பறக்குமெனப் பழைய ஓவியரும் சிற்பிகளும் நம்பினர். அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் 1878இல் ஓடும் குதிரையைத் தொடர்ந்து பல புகைப்படங்களாக எடுத்துக் காட்டினார். நான்கு கால்களும் நிலத்தை விட்டு நீங்கும் கணம் உண்டென்பதும், ஆனால் அக்கணத்தில் கால்கள் விரியாது உடலின் கீழ் மடங்கியிருக்குமென்பதும் அப்போது தெளிவாயின. நூற்றாண்டுகளாகக் கண் கண்டதென நம்பியது பொய்த்தது. அதன்பின் வந்த சிற்பிகள் பலர் குதிரையை வேறு வகையிற் பார்க்கலாயினர்.

அவ்வாறு பார்த்தவருள் ஒருவர் புகழ்பெற்ற ஓவியர் டெகா. அவர் பந்தயக் குதிரைகளை மெழுகிலும் களிமண்ணிலும் பலவாகச் செய்து தம் கூடத்தில் வைத்திருந்தார். அவற்றை வெண்கலமாக வார்த்து விற்கவில்லை. 1917ஆம் ஆண்டில் அவர் இறந்தபின் அம்மெழுகுருவங்கள் கண்டெடுக்கப்பட்டு, 1919 முதல் எப்றார் வார்ப்பகத்தில் வெண்கலமாயின. இன்று நூதனசாலைகளில் நிற்கும் டெகாவின் வெண்கலக் குதிரைகளை டெகா கண்ணாற் கண்டதேயில்லை. ஒரு சிலையில் எது மூலம், எது பிரதி என்பது எளிய வினாவன்று என்பதைத் தொகுப்போர் இதிலிருந்து உணரலாம்.

விளையாட்டு வீரனின் உடலை வெண்கலத்தில் வடித்தவருள் தனிச் சிறப்புடையவர் ஒரு வைத்தியர். றொபேட் டெயிற் மக்கென்சி என்னும் அவர் 1867ஆம் ஆண்டில் கனடாவில் அல்மொன்ற் என்னும் சிற்றூரில், ஸ்கொத்லாந்திலிருந்து குடியேறிய குடும்பத்திற் பிறந்தார். கூடைப்பந்து விளையாட்டைத் தோற்றுவித்த ஜேம்ஸ் நெயிஸ்மித் அவ்வூர்ப் பக்கத்தவரே. இருவரும் இளமை நண்பர். மக்கென்சி மொன்றியல் நகரிலுள்ள மகில் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் கற்று, அங்கே மாணவரின் தேகாப்பியாசத்தைக் கவனித்து வந்தார். 1904ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று தேகாப்பியாசத் துறைக்குத் தலைவரானார்.

அவர் சிற்பியானது கலைக்கூடத்தின் வழியாகவன்று. கடும் முயற்சி மனித முகத்தை எவ்வாறு மாற்றுகின்றதென்பதை மாணவருக்குக் கற்பிக்க அவர் விரும்பினார். சொல்லால் விளக்க இயலாமையால் நான்கு முகங்களை வடித்தார். முதலாவது உச்ச முயற்சி, இரண்டாவது மூச்சுத் திணறல், மூன்றாவது களைப்பு, நான்காவது முற்றிய சோர்வு. பாடம் கற்பிக்கச் செய்த அம்முகங்களே அவருக்குச் சிற்பத்தின் வாயிலைத் திறந்தன. 1902ஆம் ஆண்டில் ஓட்டம் தொடங்கக் குனிந்திருக்கும் இளைஞன் ஒருவனை வடித்தார். குறுந்தூர ஓட்டக்காரர் பலரின் உடலளவுகளை எடுத்து, அவற்றின் சராசரியைக் கணித்து, அக்கணக்கின்படி அவ்வுருவத்தை அமைத்தார். மறு ஆண்டிலே கையின் பிடிவலிமையை அளக்கும் கருவியைப் பிடித்து நிற்கும் வீரன் ஒருவனைச் செய்தார். அதுவும் மாணவர் பலரின் அளவுகளைச் சராசரி செய்து அமைந்ததே.

சராசரியில் அழகு பிறக்குமா என்று ஐயுறுவோர் உளர். தமிழ்நாட்டுச் சிற்பிகளும் தாளம், அங்குலம் என்னும் அளவுகளை வகுத்துக்கொண்டே திருமேனி வார்க்கின்றனர் என்பதை நினைப்போர்க்கு அவ்வையம் எழாது. அளவு சிற்பியின் கையைக் கட்டுவதில்லை, தாங்குகின்றது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நமது சிற்பியின் அளவு, மனித உடலைக் கடந்த தெய்வ வடிவை நாடியது. மக்கென்சியின் அளவு, தம் முன் நின்ற மாணவரின் எலும்பையும் தசையையும் நாடியது.

முதலாம் உலகப் போரில் மக்கென்சி பிரித்தானியப் படையின் வைத்தியப் பிரிவிற் சேர்ந்து, காயமுற்ற போர்வீரரை மீண்டும் நடக்கவும் உழைக்கவும் பயிற்றினார். நிறைவான உடலைத் தேடி அளந்த கை, குறைப்பட்ட உடலைத் தேற்றும் பணியில் ஈடுபட்டது. இதனை அறிந்தபின் அவருடைய ஓட்டக்காரனை நோக்குவோர் அதில் வேறொரு பொருளையும் காண்பர். உடல் ஒரு பேறு என்பதும், அது எக்கணத்திலும் இழக்கப்படக்கூடியதென்பதும் அறிந்த ஒருவரின் கை அச்சிலையிற் பதிந்திருக்கின்றது. அவர் 1938ஆம் ஆண்டில் பிலடெல்பியாவிற் காலமானார். அவர் விருப்பத்தின்படி இதயம் மாத்திரம் எடின்பரோ நகரில் அடக்கம் செய்யப்பட்டது. அல்மொன்றுக்கு அருகே அவர் வாழ்ந்த பழைய ஆலைக் கட்டடம் இன்று அவர் படைப்புகளைக் காட்டும் நூதனசாலையாக உள்ளது.

கலையும் விளையாட்டும் ஒரே அரங்கில் நின்ற காலம் ஒன்று இருந்ததென்பதை இன்று பலர் அறியார். 1912ஆம் ஆண்டில் ஸ்ரொக்ஹோம் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாத் தொடக்கம் 1948ஆம் ஆண்டு இலண்டன் விழா வரை, சிற்பம், ஓவியம், இலக்கியம், இசை, கட்டடக்கலை ஆகியவற்றுக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. படைப்பு விளையாட்டைப் பொருளாகக் கொண்டிருத்தல் வேண்டுமென்பது விதி. 1912இல் சிற்பத்துக்குத் தங்கப் பதக்கம் பெற்ற வால்ரர் வைனன்ஸ் என்னும் அமெரிக்கர் 1908இல் துப்பாக்கி சுடுதலிலும் தங்கம் பெற்றவர். 1928இல் அம்ஸ்ரடாம் நகரில் பிரான்சின் போல் லண்டோவ்ஸ்கி குத்துச்சண்டை வீரன் சிலைக்குத் தங்கம் பெற்றார். இறியோ டி ஜனைரோ நகரின் மலைமேல் கைவிரித்து நிற்கும் கிறீஸ்து சிலையை உருவாக்கிய சிற்பியும் அவரே. அதே விழாவில் ஜேர்மனியைச் சேர்ந்த றெனே சிந்தெனிஸ் அம்மையார் உதைபந்தாட்டக்காரன் சிலைக்கு வெண்கலப் பதக்கம் பெற்றார். மக்கென்சியும் 1932இல் லொஸ் ஏஞ்சலிஸ் விழாவில் ஒரு வெண்கலப் பதக்கம் பெற்றார்.

அதற்கு முன்பே, ஸ்ரொக்ஹோம் விழாவுக்கென மக்கென்சி ஒரு வட்ட வடிவப் புடைப்புச் சிற்பம் செய்து கொடுத்தார். மூன்று இளைஞர் ஒருங்கே தடையொன்றைத் தாண்டும் காட்சி அது. முயற்சியின் மகிழ்ச்சி என்பது அதன் பெயர். அந்நகர விளையாட்டரங்கின் சுவரில் அது பதிக்கப்பட்டது. தடை தாண்டும் வீரனின் உருவம் இலங்கை மக்களுக்கு அந்நியமானதன்று. கலைப் போட்டிகள் கடைசியாக நடந்த அதே 1948ஆம் ஆண்டு இலண்டன் விழாவிலேதான் இலங்கை முதன்முறையாக ஒலிம்பிக் அரங்கில் இறங்கியது. அங்கே டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டில் சிட்னியில் ஓடும் வரை, 52 ஆண்டுகளாக இந்நாட்டுக்கு வேறு ஒலிம்பிக் பதக்கம் கிட்டவில்லை. தடையின் மேல் உடல் நீண்டு பறக்கும் அக்கணத்தைக் காட்டும் ஒரு சிறு சிலை இந்நாட்டு வீடொன்றில் நிற்குமாயின், அதற்கு வேறெங்கும் இல்லாத ஒரு பொருத்தம் உண்டு.

இனி, தெரிந்து வாங்கும் வழி யாது? முதலில் உலோகத்தை அறிதல் வேண்டும். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் கலந்தது. ஏறக்குறைய ஒன்பது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்பது பழைய கணக்கு. ஐரோப்பிய வார்ப்பகங்கள் பல சிறிது துத்தநாகமும் சேர்த்தன. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மலிவான சிலைகளுக்குத் தேவை பெருகியது. ரெனிஸ் ஆடும் நங்கை, ஓடும் வீரன், வில்வளைப்போன் முதலிய உருவங்கள் வெண்கலத்திலன்றித் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டு, மேலே வெண்கல நிறம் பூசப்பட்டுச் சலவைக்கற் பீடங்களில் நிறுத்தப்பட்டன. துத்தநாகம் குறைந்த வெப்பத்தில் உருகுவதால் வார்ப்பது எளிது, விலையும் குறைவு. பரிசுக் கிண்ணங்களின் மேல் நிற்கும் உருவங்கள் பல இவ்வகையினவே.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. வெண்கலம் கனத்தது, விரலின் கணுவால் தட்டினால் நீண்டு ஒலிக்கும். துத்தநாகம் மந்தமாக ஒலித்து அடங்கும். சிலையைக் கவிழ்த்துப் பீடத்தின் அடியிலே கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்திற் சிறிது கீறிப் பார்த்தால், வெண்கலம் பொன்மஞ்சளாகத் தோன்றும். துத்தநாகம் வெள்ளியைப் போல வெளுத்துத் தோன்றும். இச்சோதனையை விற்போரின் இசைவின்றிச் செய்தல் முறையன்று. கீறாமலே அறிய விரும்புவோர், மூக்கு நுனி, முழங்கால், விரல் ஆகிய உயர்ந்த இடங்களில் பூச்சுத் தேய்ந்து வெளிப்படும் நிறத்தை நோக்கலாம். காந்தம் ஒட்டுமாயின் அது இரும்பு.

உலோகம் வெண்கலமேயாயினும் ஐயம் தீர்ந்துவிடாது. பழைய சிலையொன்றை அச்சாகக் கொண்டு புதிதாக வார்த்து, பழையதென விற்போர் உளர். இயற்கையே இங்கு சான்று கூறும். உருகிய வெண்கலம் ஆறி இறுகும்போது நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு சுருங்குகின்றது. ஆதலின் சிலையிலிருந்து எடுத்த சிலை மூலத்தினும் சிறிது குறுகியே இருக்கும். நூதனசாலைகளும் நூல்களும் தரும் அளவோடு ஒப்பிட்டால் இது புலப்படும். அவ்வாறு வார்த்ததில் தலைமயிரின் இழைகளும் விரல் நகங்களும் கூர்மை மழுங்கித் தோன்றும். அடிப்புறத்திலே பளபளக்கும் புதிய திருகாணி இருக்குமாயின் அதுவும் ஐயத்துக்கு இடந்தரும். சிற்பியின் கையெழுத்து இருப்பதை மாத்திரம் நம்புதல் பேதைமை. கையெழுத்தும் மேனியோடு சேர்ந்து அச்சில் விழுவதொன்றாதலின், போலியிலும் அது தவறாது இருக்கும்.

வாங்கிய சிலையை எங்கு வைப்பது? கடையிலே பொருள் குவிப்பது போலப் பத்துச் சிலைகளை ஒரு தட்டில் நெருக்கி வைத்தால், ஓடுபவன் ஓட இடமின்றி நிற்பான். ஓர் அறைக்கு ஒரு சிலை போதும். பாயும் உருவத்துக்கு அது பாயும் திசையில் வெற்றிடம் விடுதல் வேண்டும். குதிரை சுவரை முட்டி நிற்பதும், ஈட்டி எறிபவன் திரைச்சீலையைக் குறிவைப்பதும் காண்போர்க்கு நகைப்பையே தரும். பெரும்பாலான சிலைகள் நாற்புறமும் பார்த்தற்கெனச் செய்யப்பட்டவை; ஆதலின் சுவரோடு ஒட்டாது சற்று முன்னே வைப்பது நன்று. குனிந்திருக்கும் ஓட்டக்காரனைத் தாழ்ந்த மேசையிலும், நிமிர்ந்து நிற்பவனைக் கண்மட்டத்திலும் வைக்கலாம். வெளிச்சம் எதிரிலிருந்து நேரே விழுந்தால் தசையின் ஏற்றத்தாழ்வு மறைந்துவிடும். யன்னலின் வழியே பக்கவாட்டில் விழும் காலை வெயிலின் ஒளி, ஒவ்வொரு நரம்பையும் எழுப்பிக் காட்டும். கருமை படர்ந்த பழுப்பு மேனிக்கு வெண்சுவர் நல்ல பின்னணி. தட்டு கனந்தாங்குமா என்பதையும் முன்னரே பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். சிலையைத் தூக்கும்போது நீட்டிய கையையோ மட்டையையோ பற்றாது, பீடத்தின் அடியிலே இரு கையும் கொடுத்துத் தூக்குதல் வேண்டும். பழைய கிரிக்கெற், ரெனிஸ் உருவங்கள் பல மட்டையிழந்து நிற்பதற்கு, தூக்கியோரின் அவசரமும் ஒரு காரணம்.

இனி, அன்பினால் விளையும் கேடு. தமிழர் வீடுகளிலே குத்துவிளக்கையும் செம்பையும் தாம்பாளத்தையும் புளியிட்டுத் துலக்கிப் பொன்போல் ஒளிரச் செய்வது நல்ல இல்லத்தின் அடையாளம். வெள்ளிக்கிழமைக்கு முன் விளக்குத் துலக்காத வீட்டை ஊர் குறைகூறும். அந்தப் பழகிய கை, புதிதாக வீட்டுக்கு வந்த வெண்கல வீரனையும் அழுக்கடைந்தவன் என்று எண்ணிப் புளியும் சாம்பலும் கொண்டு துலக்கத் துணிதல் இயல்பு. ஒரு மணி நேரத்திலே சிலை மஞ்சளாக ஒளிரும். வீட்டார் மகிழ்வர். ஆனால் அந்த ஒரு மணி நேரத்திலேயே நூறாண்டுச் செல்வம் கழுவுநீரோடு ஓடிவிட்டிருக்கும்.

ஏனெனில், சிலையின் மேலிருந்த பழுப்பும் கருமையும் பசுமையும் அழுக்கல்ல. வார்ப்பகத்திலே வெண்கலத்தைச் சூடாக்கி, மருந்துகளைத் தூரிகையாற் பூசி, மெழுகிட்டுச் சிற்பியின் கருத்துப்படி ஆக்கப்பட்ட மேனிநிறம் அது. அதன்மேல் காலமும் பல கைகளின் தொடுகையும் தம் நிறத்தைச் சேர்த்துள்ளன. குழிந்த இடங்களின் கருமையாலும் உயர்ந்த இடங்களின் ஒளியாலுமே தசை தசையாகத் தோன்றுகின்றது. புளியின் அமிலம் அம்மேனியைத் தின்றுவிடுகின்றது. எங்கும் ஒரே மஞ்சளாகிய சிலை கண்ணுக்குத் தட்டையாகிவிடும். விற்பனையிலும் அதன் மதிப்பு வெகுவாகக் குறையும். விளக்கு வழிபாட்டுக்கும் ஒளிக்கும் உரியது. அதைத் துலக்குதல் தகும். சிலையின் முறை வேறு. மென்மையான தூரிகையாலோ உலர்ந்த பருத்தித் துணியாலோ தூசியை நீக்குதலே போதும். ஆண்டுக்கு ஒருமுறை நிறமற்ற நல்ல மெழுகை மிக மெல்லியதாகப் பூசி, மென் துணியால் தேய்த்து விடலாம். கடைகளில் விற்கும் உலோகந் துலக்கும் திரவங்களை அண்டவே விடலாகாது.

இலங்கை போன்ற கடல் சூழ்ந்த நாட்டிலே மற்றோர் எச்சரிக்கையும் தேவை. உப்புக் காற்றும் ஈரமும் வெண்கலத்துக்கு நோய் தருவன. உப்பிலுள்ள குளோரைட்டு உலோகத்துட் புகுந்தால், வெளிறிய பச்சை நிறத்திற் பொடி பொடியாக ஒரு பூப்புத் தோன்றும். இறுகி ஒட்டிய பச்சைப் படிவு சிலைக்குக் காப்பு. விரலிற் பொடியாக ஒட்டும் வெளிர்ப் பச்சையோ சிலையை அரித்துச் செல்லும் நோய். இதனைக் கண்டவுடன் சிலையை உலர்ந்த இடத்துக்கு மாற்றி, நூதனசாலைப் பொருள்களைப் பேணும் பயிற்சியுடையாரிடம் காட்டுதல் வேண்டும். கடலை நோக்கிய யன்னலும், அடுக்களைப் புகையும், குளியலறைச் சுவரும் வெண்கலத்துக்கு ஆகா. வியர்த்த கையில் உள்ள உப்பும் தீங்கு செய்யுமாதலின், தொட்டபின் துணியால் ஒற்றிவிடுதல் நன்று.

தொகுப்போர் மறக்கலாகாத கடமை மற்றொன்று உண்டு. ஒவ்வொரு சிலைக்கும் ஒரு சிறு குறிப்பு எழுதி வைத்தல் வேண்டும். எங்கே, எப்போது, யாரிடம் பெறப்பட்டது, அடியில் என்ன எழுத்து உளது, உயரம் எவ்வளவு, எங்கே பழுதுபார்க்கப்பட்டது என்பன அதில் இருத்தல் வேண்டும். தந்தை அன்போடு சேர்த்ததைப் பிள்ளைகள் அறியாமையால் பழைய உலோகம் வாங்குவோரிடம் இறாத்தல் கணக்கில் விற்றுவிடுதல் எந்நாட்டிலும் நிகழ்வதே. அந்நிறுவையில் வெண்கலம் ஏறும். சிற்பியின் கை ஏறாது. குறிப்பொன்று இருந்திருந்தால், தராசுத் தட்டுக்குப் போகுமுன் ஒரு கணமாவது அக்கை தயங்கியிருக்கும்.

எல்லோரும் மென்னையும் மக்கென்சியையும் வாங்க இயலுமோ என்று கேட்கலாம். இயலாது, வேண்டியதுமில்லை. ஒரு வீட்டிலே பாட்டனார் இளமையில் ஓடிப் பெற்ற பரிசுச் சின்னம் மூலையிற் கிடக்கலாம். அதன்மேல் நிற்கும் உருவம் துத்தநாகமாக இருக்கலாம், கையொன்று உடைந்திருக்கலாம், விற்றால் ஒன்றும் பெறாது. ஆனால் பீடத்திலே அவர் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்குமாயின், அவ்வீட்டுக்கு அதனினும் பொருத்தமான சிலை உலகிலில்லை. அதனைத் தூசி தட்டி, பக்கவாட்டில் ஒளி விழும் ஓரிடத்தில் வைத்தல் வேண்டும். முதுமையில் ஊன்றுகோலோடு நடந்தவரென்றே பேரப்பிள்ளைகள் அறிந்த ஒருவர், ஒரு காலத்தில் காற்றைப் பிளந்து ஓடினார் என்பதற்கு அதுவே சாட்சி.

மைரன் வார்த்த வெண்கலம் உருகிப் போயிற்று. உரோம் நகரத்துக் குத்துச்சண்டை வீரன் மண்ணுள் மறைந்திருந்தமையால் தப்பினான். இடைப்பட்ட இரண்டாயிரம் ஆண்டுகளில் அழிந்தவற்றுக்குக் கணக்கில்லை. மனித முயற்சி வெண்கலத்திற் பதிந்தாலும் அது தானே நிலைத்துவிடுவதில்லை. அதன் மதிப்பை அறிந்து, தூசி துடைத்து, துலக்காது காத்து, அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்கும் ஒரு வீடு அதற்கு வேண்டும். ஓடியவன் தன் கடமையைச் செய்து முடித்தான், வார்த்தவனும் முடித்தான். காக்கும் கடமை சிலை நிற்கும் வீட்டாருடையது.